யு விசாவுக்கு உள்ளூர் போலீஸ் கையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அடி வாங்கியவர், மிரட்டப்பட்டவர், சம்பளமே இல்லாமல் வேலை வாங்கப்பட்டவர் என்று நம்மவர்கள் பலர் போலீஸ் பக்கம் போகாமலே இருந்துவிடுகிறார்கள். கேட்டால் "விசா போயிடும்", "நாடு கடத்திடுவாங்க" என்பார்கள். இந்தப் பயத்தைக் குற்றவாளியும் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறான். இதற்காகவே அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விசா இருக்கிறது. ஆனால் அதற்கு மனுப் போடுமுன் உள்ளூர் போலீஸிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அங்கேதான். தன்னார்வலராக உதவி செய்யும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு என்று ஒரு குடிவரவு வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். அவரைப் பார்க்கப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

யு விசா என்பது என்ன?

குற்றத்துக்கு ஆளாகி, அதை விசாரிக்கும் அதிகாரிகளுக்கு உதவிய வெளிநாட்டவருக்கு அமெரிக்கா தரும் விசா. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் சட்டமானது. விதிமுறைகள் வந்து சேர 2007 ஆனது. கிடைத்தால் நான்கு ஆண்டு சட்டப்படி தங்கலாம், வேலை பார்க்கலாம். அந்த அந்தஸ்தில் மூன்று ஆண்டு தொடர்ந்து அங்கேயே இருந்தால் கிரீன் கார்டுக்கும் மனுப் போடலாம்.

ஆவணம் இல்லாமல் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எச்-1பி (வேலை விசா), எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர் விசா) என்று முறையான விசாவில் இருப்பவர்களும் போடலாம். மனு நிலுவையில் இருக்கும்போது பழைய விசாவிலேயே தொடரவும் செய்யலாம். குற்றம் நடந்த பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டவர் அங்கிருந்தே மனுப் போடவும் வழி உண்டு.

விசா கொடுப்பது மத்திய அரசு. உள்ளூர் போலீஸ் எதற்கு நடுவில்?

மனு ஐ-918 என்ற படிவம். அதோடு 'சப்ளிமென்ட் பி' என்று ஒரு இணைப்பு வேண்டும். இதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியது விசாரணை செய்த அமைப்பு. அதில் அவர்கள் சொல்வது மூன்றே விஷயம்: பட்டியலில் உள்ள ஒரு குற்றம் நடந்தது, இவர் அதற்கு ஆளானவர், விசாரணைக்கு இவர் உதவினார் அல்லது உதவுகிறார் அல்லது உதவக்கூடும்.

போலீஸ் அதிகாரிகளிலேயே பலர் "கையெழுத்துப் போட்டால் இவருக்கு விசா கொடுத்த மாதிரி ஆகிவிடும்" என்று தயங்குகிறார்கள். அது தவறு. பாதிப்பு எவ்வளவு கடுமையானது, மனுதாரரின் பின்னணி என்ன, பழைய குடிவரவு மீறல்களை மன்னிக்கலாமா, இதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது குடிவரவுத் துறை. கையெழுத்து இருந்தும் மனு தள்ளுபடி ஆவது உண்டு. கையெழுத்து இல்லாவிட்டால் மனுவே நிற்காது.

ஒரு மத்திய அரசு விசா, கடைசியில் ஒரு சிறு டவுன் போலீஸ் தலைவரின் மனநிலையைப் பொறுத்துப் போகிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். கீழே வரும் பதில்களில் பாதி, அந்தக் குறையைச் சமாளிக்கும் வழிகள்.

எந்தக் குற்றங்களுக்கு இது பொருந்தும்?

சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, கடத்தல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், கொடுங்காயத் தாக்குதல், மிரட்டிப் பணம் பறித்தல், கொத்தடிமை வேலை, சுரண்டுவதற்காக ஆள் கடத்துதல், கொலை, சாட்சியை மிரட்டுதல், நீதிக்கு இடையூறு செய்தல் போன்றவை. பின்தொடர்ந்து தொல்லை தருவதும், வெளிநாட்டு வேலை ஒப்பந்த மோசடியும் 2013இல் சேர்க்கப்பட்டன. முயற்சி, தூண்டுதல், கூட்டுச்சதி ஆகியவையும் கணக்கில் வரும். பெயர் வேறாக இருந்தாலும் தன்மையில் ஒத்த குற்றங்களும் வரும்.

வீடு புகுந்து நகை திருடியது, ஏடிஎம் மோசடி, கார் இடித்துவிட்டுப் போனது போன்றவை பொதுவாக வராது. எவ்வளவு நஷ்டம் என்றாலும் வராது.

பெட்ரோல் பங்க் கடையில் வேலை பார்க்கிறேன். துப்பாக்கி காட்டிக் கல்லாவை எடுத்துப் போனார்கள். எனக்குப் பொருந்துமா?

நம் ஊர்க்காரர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான், சிக்கலானதும் இதுதான். கொள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் துப்பாக்கியை நெற்றியில் வைத்தது பல மாநிலங்களில் ஆயுதத்தோடு செய்த கடுந்தாக்குதல். அது 'கொடுங்காயத் தாக்குதல்' வகைக்குள் வரக்கூடும். கொள்ளையோடு சேர்த்து அந்தத் தாக்குதலையும் போலீஸ் விசாரித்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போலீஸ் அறிக்கையில் கொள்ளைக்கான சட்டப் பிரிவு எண் மட்டும் இருந்து, சப்ளிமென்ட் பி-யில் தாக்குதல் என்று டிக் அடித்திருந்தால், குடிவரவுத் துறை "எந்த அடிப்படையில்?" என்று திருப்பிக் கேட்கும். ஆகவே சம்பவத்தன்றே போலீஸிடம் நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள். எங்கே குறி வைத்தான், என்ன சொன்னான், தள்ளினானா, அடித்தானா என்பதெல்லாம் பதிவாக வேண்டும். "பணம் எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்று ஒரே வரியில் முடித்தால் அறிக்கையும் ஒரே வரியில்தான் இருக்கும்.

கணவர் எச்-1பி, நான் எச்-4. அடிக்கிறார். "போலீஸைக் கூப்பிட்டால் உன் விசாவை ரத்து பண்ணிடுவேன்" என்கிறார். என் வழி என்ன?

முதலில் ஒன்று. கணவர் நினைத்த மாத்திரத்தில் உங்களை நாடு கடத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் உங்கள் எச்-4 அவருடைய அந்தஸ்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது உண்மை. விவாகரத்து ஆனால் எச்-4 போய்விடும். இந்த உண்மையை வைத்துத்தான் மிரட்டல் எடுபடுகிறது.

கணவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்றால், வன்முறைக்கு ஆளான மனைவி தானே மனுப் போட்டுக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் போலீஸ் கையெழுத்தே வேண்டாம். எச்-1பி-காரரின் மனைவிக்கு அந்தக் கதவு திறக்காது. அவருக்கு யு விசாதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. இதற்கிடையே, வன்முறைக்கு ஆளான எச்-4 மனைவிகள் தனியாக வேலை அனுமதிக்கு மனுப் போட ஐ-765வி என்ற படிவம் 2017இலிருந்து இருக்கிறது. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் இவை இரண்டையும் வக்கீலிடம் பேசிவிடுங்கள். எதை முதலில் செய்வது என்ற வரிசை இங்கே மிக முக்கியம்.

பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), திருமணச் சான்று ஆகியவற்றைப் படம் எடுத்து, கணவருக்குக் கடவுச்சொல் தெரியாத ஒரு மின்னஞ்சலில் போட்டு வைப்பது நல்லது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரிதான்.

போலீஸ் வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் பேசியது கணவர்தான். அறிக்கையில் நான்தான் கத்தியதாக இருக்கிறது. இனி என்ன செய்வது?

இது அடிக்கடி நடக்கிறது. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். கணவர் சிரித்த முகத்தோடு போய்ப் பேசுகிறார். உள்ளே மனைவிக்கு அழுகையில் தமிழே சரியாக வரவில்லை, ஆங்கிலம் எங்கே வரும்? பத்து நிமிடத்தில் "வாய்த்தகராறு, காயம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலான போலீஸ் துறைகள் தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி வைத்திருக்கின்றன. அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்யும்போதே "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொன்னாலும் ஏற்பாடு செய்வார்கள். கணவரையோ மாமியாரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

அறிக்கை எழுதி முடிந்துவிட்டதா? அதைத் திருத்தச் சொல்வதைவிட, ஸ்டேஷனுக்குப் போய்த் துணை வாக்குமூலம் ஒன்று கொடுப்பது எளிது. பழைய வழக்கு எண்ணைச் சொல்லி, காயத்தின் படங்கள், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சப்ளிமென்ட் பி-யில் காயங்களை விவரிக்க ஓர் இடம் இருக்கிறது. அறிக்கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அங்கே எழுத அந்த அதிகாரிக்கும் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: நம் ஊர் எஃப்.ஐ.ஆர். மாதிரி, புகார் கொடுத்ததும் ஒரு நகல் கையில் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வழக்கு எண் எழுதிய சிறு அட்டை ஒன்று தருவார்கள். அதைத் தொலைக்கக் கூடாது. அறிக்கையின் நகலுக்குப் பிறகு ஆவணப் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கையெழுத்து யாரெல்லாம் போடலாம்? போலீஸ் மட்டும்தானா?

இல்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகம், ஷெரிஃப் (மாவட்டப் போலீஸ் தலைவர்) அலுவலகம், வழக்கை விசாரித்த நீதிபதி, குழந்தைகள் பாதுகாப்புத் துறை, மத்தியத் தொழிலாளர் துறை, வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் சமவாய்ப்பு ஆணையம் என்று குற்றத்தைக் கண்டறியவோ விசாரிக்கவோ வழக்கு நடத்தவோ அதிகாரம் உள்ள பலரும் போடலாம். அந்த அமைப்பின் தலைவர், அல்லது இதற்கென்று அவர் நியமித்த மேற்பார்வை நிலை அதிகாரி, இவர்களின் கையெழுத்துதான் செல்லும். உங்கள் வீட்டுக்கு வந்த ரோந்து போலீஸ்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் போட்டால் செல்லாது.

ஒரே குற்றம் பல கைகள் வழியாகப் போகும். போலீஸ் மறுத்தால் அரசு வழக்கறிஞர், அவரும் மறுத்தால் பாதுகாப்பு உத்தரவு கொடுத்த நீதிபதி என்று தட்டிப் பார்க்கலாம். ஒருவர் மறுத்ததால் மற்றவர் கட்டுப்பட்டவர் அல்லர்.

எப்படிக் கேட்பது? ஸ்டேஷனுக்கு நேரில் போய்க் கேட்கலாமா?

பெரிய நகரங்களில் இதற்கென்றே ஒரு பிரிவோ அதிகாரியோ இருப்பார். துறையின் இணையதளத்தில் 'யு விசா' என்று தேடினால் முகவரி கிடைக்கும். சிறிய ஊர்களில் நேராகத் தலைவரின் அலுவலகம்தான். முன் மேசையில் இருப்பவரிடம் போய் "விசா" என்ற சொல்லைச் சொன்னால், "அதெல்லாம் இமிக்ரேஷன் ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிடுவார்.

நடைமுறையில் வக்கீலோ உதவி அமைப்போ ஒரு கடிதம் எழுதி அனுப்புவதுதான் நல்லது. அந்தக் கட்டில் இருக்க வேண்டியவை: வழக்கு எண்ணோடு ஒரு பக்கக் கடிதம், ஏற்கெனவே விவரங்களை நிரப்பிய சப்ளிமென்ட் பி, அறிக்கையின் நகல், நீங்கள் எப்போது எப்படி ஒத்துழைத்தீர்கள் என்ற குறிப்பு. 911 அழைத்தது, வாக்குமூலம் கொடுத்தது, படத்தைப் பார்த்து அடையாளம் காட்டியது, நீதிமன்றத்துக்குப் போனது எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். வேலைப் பளுவில் இருக்கும் அதிகாரிக்குப் படிவத்தை முதலிலிருந்து நிரப்ப நேரம் இருக்காது. நிரப்பியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறு விஷயம்.

மனநல மருத்துவர் அறிக்கை, உங்கள் வாழ்க்கைக் கதை, குடும்பப் படங்கள் ஆகியவை போலீஸுக்குத் தேவையில்லை. அவை குடிவரவுத் துறைக்குப் போக வேண்டியவை.

போலீஸ் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

மத்தியச் சட்டத்தில் இல்லை. அது அந்த அமைப்பின் விருப்பம். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஒரு நகரத்தில் கேட்டால் சில வாரங்களில் வருகிறது. நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் தள்ளியிருக்கும் அடுத்த கவுண்டியில் (மாவட்டத்தில்) "எங்கள் கொள்கைப்படி யாருக்கும் போடுவதில்லை" என்று பதில் வருகிறது. உங்களுக்கு எங்கே அடி விழுந்தது என்பதே உங்கள் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் சில மாநிலங்கள் தாங்களே சட்டம் போட்டன. கலிஃபோர்னியா முன்னோடி. 2016 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த அதன் சட்டப்படி, குற்றத்துக்கு ஆளானவர் உதவினார் என்பதே முதல் அனுமானம். இல்லை என்றால் போலீஸ்தான் காரணம் காட்ட வேண்டும். முதலில் 90 நாள் கெடு இருந்தது. பிறகு அதைத் திருத்தி 30 நாள் ஆக்கினார்கள். நாடு கடத்தல் வழக்கில் இருப்பவருக்கு 7 நாள். இல்லினாய், வாஷிங்டன் மாநிலம் உட்பட வேறு சில மாநிலங்களிலும் காலக்கெடுவோடு சட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று வக்கீலைக் கேட்டு, கடிதத்திலேயே அந்தச் சட்டப் பிரிவைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பல சிறு ஊர்ப் போலீஸ் துறைகளுக்குத் தங்கள் மாநிலச் சட்டமே தெரிந்திருப்பதில்லை.

"கேஸ் முடிஞ்சு போச்சு", "யாரையும் பிடிக்கவில்லை" என்று சொல்லி மறுக்கிறார்கள். சரியா?

சரியில்லை. கைது தேவையில்லை, குற்றப்பத்திரிகை தேவையில்லை, தண்டனையும் தேவையில்லை. வழக்கை மூடி வருடக்கணக்கானாலும் கேட்கலாம். எத்தனை ஆண்டுக்குள் கேட்க வேண்டும் என்ற வரம்பே இல்லை. குற்றவாளி தப்பி ஓடினாலோ இறந்துபோனாலோகூடக் கையெழுத்துப் போடத் தடை இல்லை. விசாரித்தது ஒரு குற்றம், வழக்குப் போட்டது வேறு குற்றம் என்றாலும் பரவாயில்லை. போதைப்பொருள் தேடி வந்த போலீஸ் வீட்டுக்குள் மனைவியின் முகத்தில் காயத்தைப் பார்த்துப் பதிவு செய்தால், அந்தக் குடும்ப வன்முறைக்குச் சான்று தரலாம்.

மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போலீஸ் துறைகளுக்கென்றே ஒரு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. இவையெல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. மறுப்பு வந்தால் அந்தப் பக்கங்களை இணைத்து மரியாதையாக இன்னொரு கடிதம் போடலாம். சண்டை போட்டால் வேலை ஆகாது.

கையெழுத்து வாங்கிவிட்டேன். மனுவை எப்போது அனுப்ப வேண்டும்?

கையெழுத்துத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஐ-918 குடிவரவுத் துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாண்டினால் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் அந்தத் தலைவர் மாறியிருக்கலாம், புதியவர் கை விரிக்கலாம். அதனால் மற்ற ஆவணங்களைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்தைக் கேளுங்கள்.

"உதவ வேண்டும்" என்றால் எந்த அளவுக்கு? கோர்ட்டில் சாட்சி சொல்லியே ஆக வேண்டுமா?

நியாயமாக அவர்கள் கேட்கும்போது ஒத்துழைக்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் நீங்கள் மறுத்ததாக ஆகாது. கையெழுத்து வந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. காரணமில்லாமல் ஒதுங்கினால் கொடுத்த சான்றைத் திரும்பப் பெறலாம். குற்றத்துக்கு ஆளானது 16 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ அந்த உதவியைச் செய்தால் போதும்.

அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், நீங்கள் யு விசாவுக்குக் கையெழுத்துக் கேட்டது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியவரலாம். குறுக்கு விசாரணையில் "விசாவுக்காகத்தானே இந்தப் புகார்?" என்று கேட்பார். அதனாலேயே சில அரசு வழக்கறிஞர்கள் விசாரணை முடியட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: புகார் கொடுத்த நாளில் எனக்கு யு விசா என்ற ஒன்று இருப்பதே தெரியாது, பிறகுதான் தெரிந்தது. உண்மை அதுவாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள். முன்பே தெரியும் என்றால் அதையும் மறைக்காதீர்கள், தெரிந்திருந்தது குற்றமில்லை.

போலீஸிடம் போனால் இமிக்ரேஷனுக்குத் தகவல் போகுமா?

நேர்மையான பதில்: ஊரைப் பொறுத்தது. போலீஸ் குடிவரவு நிலையைக் கேட்கவே கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. கெடுபிடிக்குப் பேர்போன டெக்சாஸின் 2017 சட்டம்கூட, குற்றத்துக்கு ஆளானவரிடமும் சாட்சியிடமும் விசாரணைக்கு அவசியம் என்றால் அல்லது விசா பற்றித் தகவல் சொல்வதற்காக என்றால் தவிர அதைக் கேட்கக் கூடாது என்கிறது. நடைமுறை எப்படி என்பது வேறு.

மனுப் போட்ட பிறகு ரகசியக் காப்பு இருக்கிறது. உங்கள் மனுவின் விவரத்தை மத்தியத் துறைகள் வெளியே விடக் கூடாது; உங்களைத் துன்புறுத்தியவர் கொடுத்த தகவலை மட்டும் வைத்து உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் கூடாது. கணவர் இமிக்ரேஷனுக்குப் போன் செய்து "இவள் பொய்க்காரி" என்று சொன்னால் அதோடு முடிந்துவிடாது என்று அர்த்தம். ஆனால் இந்தக் காப்பு உள்ளூர் போலீஸைக் கட்டுப்படுத்தாது.

மனு நிலுவையில் இருப்பவர்களைப் பிடிக்க வேண்டாம் என்ற போக்கில் 2021இல் வந்த உத்தரவை, குடிவரவு அமலாக்கத் துறை 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. மனு தள்ளுபடியானால் குடிவரவு நீதிமன்ற நோட்டீஸ் வரும் வாய்ப்பும் இப்போது கூடுதல். "போட்டு வைப்போம், வந்தால் வரட்டும்" என்ற மனநிலையில் போடக் கூடிய மனு அல்ல இது.

எத்தனை வருடம் ஆகும்?

ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் யு விசா. குடும்பத்தினர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2010இல் முதன்முறையாக அந்த எண்ணிக்கை நிரம்பியது. அதிலிருந்து தேவை எப்போதும் அதைத் தாண்டியே இருக்கிறது. நிலுவையில் இருப்பவை 2 லட்சத்துக்கு மேல். வகுத்துப் பார்த்தால் வரும் விடையைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

இந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் தாங்க 2021 ஜூனில் ஓர் ஏற்பாடு வந்தது. மனு உண்மையானது என்று மேலோட்டமாகத் தெரிந்தால், வரிசையில் இருக்கும்போதே நான்கு ஆண்டு வேலை அனுமதியும், நாடு கடத்தலிலிருந்து தற்காலிக விலக்கும் தரலாம். அதற்கே சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே யு விசாவை மட்டும் நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். எஃப்-1-க்கு மாற முடியுமா, சொந்தமாக எச்-1பி கிடைக்குமா என்று பக்கவாட்டு வழிகளையும் பாருங்கள்.

குடும்பத்தைச் சேர்க்கலாமா?

கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள். மனுதாரரே 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் 18 வயதுக்குட்பட்ட மணமாகாத உடன்பிறந்தோரும் சேரலாம். பிள்ளையின் வயது மனுப் போட்ட நாளில் உறைந்துவிடும், பிறகு 21 தாண்டினாலும் பரவாயில்லை. திருமணம் மட்டும் உங்கள் மனு ஏற்கப்படுமுன் நடந்திருக்க வேண்டும். குற்றம் செய்தவரே கணவர் என்றால் அவரைச் சேர்க்க முடியாது என்று சொல்லவே தேவையில்லை.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மனு நிலுவையில் இருக்கும்போது இந்தியா போய்வரலாமா?

வக்கீலைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் வெளியேறினால் மூன்று ஆண்டு, ஒரு வருடம் தாண்டியவருக்குப் பத்து ஆண்டு திரும்பி வரத் தடை விழும். யு விசாவுக்கு அந்தத் தடையை மன்னிக்க வழி உண்டு என்றாலும் அதற்குத் தனி மனு, தனி நேரம்.

யு அந்தஸ்து கிடைத்த பிறகும் கவனம் வேண்டும். அமெரிக்காவுக்குள் இருந்தபடி பெற்றது அந்தஸ்துதான், பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. வெளியே போனால் சென்னை அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்திலுள்ள துணைத் தூதரகத்தில் விசா வாங்கித்தான் திரும்ப வேண்டும். ஒரே பயணத்தில் 90 நாள், அல்லது மொத்தத்தில் 180 நாள் தாண்டி வெளியே இருந்தால் கிரீன் கார்டுக்கான மூன்று ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துபோகும்.

முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளம் தராமல் வேலை வாங்குகிறார். இது போலீஸ் விஷயமா?

ஆமாம், ஆனால் போலீஸ் மட்டுமல்ல. கொத்தடிமை வேலை, மிரட்டிப் பறித்தல், வேலை ஒப்பந்த மோசடி ஆகியவை பட்டியலில் உள்ளவை. "இமிக்ரேஷனுக்குச் சொல்லிடுவேன்" என்று மிரட்டி வேலை வாங்குவதும் இதில் சேரும். மத்தியத் தொழிலாளர் துறையின் சம்பளப் பிரிவு 2011 முதல் யு விசாச் சான்றுகளைக் கொடுத்து வருகிறது. இத்தகைய நிலையில் டி விசா என்ற இன்னொன்றையும் பாருங்கள். ஆள் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கானது. ஆண்டுக்கு 5,000 இடம். அதில் போலீஸ் கையெழுத்து கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது. வரிசையும் யு விசா அளவுக்கு நீளமில்லை.

கத்ரீனா புயலுக்குப் பிறகு கப்பல் பட்டறை வேலைக்காக மிசிசிப்பிக்கும் டெக்சாஸுக்கும் சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம் கொண்டுபோன சுமார் 500 இந்திய வெல்டர்கள், பைப் ஃபிட்டர்கள் கதை நினைவிருக்கலாம். கிரீன் கார்டு கிடைக்கும் என்று நம்பி ஏஜென்டுகளுக்கு லட்சக்கணக்கில் கட்டிப் போனவர்கள். நெருக்கியடித்த முகாமில் தங்கவைத்து அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். 2008இல் வெளியே வந்து போராடினார்கள். பலருக்கு டி விசா கிடைத்தது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது.

ஒருவர் "பணம் கொடுங்கள், போலீஸ் ரிப்போர்ட்டோடு யு விசா ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார். நம்பலாமா?

ஓடிவிடுங்கள். கடைகளில் போலிக் கொள்ளை நடத்தி, கேமராவில் பதிவு செய்து, 'பாதிக்கப்பட்டவர்' என்று யு விசாவுக்கு மனுப் போட்டதாக மாசசூசெட்ஸிலும் சிகாகோவிலும் 2023, 2024இல் மத்திய வழக்குகள் வந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் இந்தியர்கள் இருந்தார்கள். 2025 ஜூலையில் லூசியானாவில் சிறு ஊர்ப் போலீஸ் தலைவர்கள் மேலேயே குற்றப்பத்திரிகை வந்தது. நடக்காத ஆயுதக் கொள்ளைக்கு அறிக்கை எழுதி, ஒரு பெயருக்கு 5,000 டாலர் என்று கை மாறியதாகக் குற்றச்சாட்டு. விசா மோசடிக்குச் சதி செய்ததாக நிரூபணமானால் ஐந்து ஆண்டு வரை சிறை.

இவர்களால் உண்மையிலேயே துப்பாக்கி முன் நின்ற கடைச் சிப்பந்திக்குத்தான் கேடு. இப்போது கடைக் கொள்ளை என்று மனு வந்தாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

செலவு எவ்வளவு? யாரிடம் போவது?

ஐ-918 மனுவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. போலீஸ் கையெழுத்துக்கும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வக்கீல் கட்டணம்தான் செலவு. அதுவும் இலவச சட்ட உதவி அமைப்புகளில் இருக்காது. 'கன்சல்டன்ட்', 'நோட்டரி' என்று போர்டு மாட்டியவர்களிடம் போகாதீர்கள். வக்கீலோ, நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதியோ மட்டுமே உங்களுக்காக மனுப் போடலாம்.

தெற்காசியப் பெண்களுக்கென்றே நியூ ஜெர்சியில் மானவி, நியூயார்க்கில் சகி, சிகாகோவில் அப்னா கர், ஹூஸ்டனில் தயா, கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில் மைத்ரி ஆகிய அமைப்புகள் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. உள்ளூர் போலீஸில் யாரிடம் கடிதம் போக வேண்டும், எந்த வக்கீல் இந்த வேலையை உண்மையில் செய்கிறார் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். நாடு முழுவதுக்குமான குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இணைப்பார்கள். ஆள் கடத்தல், கொத்தடிமை வேலை என்றால் 1-888-373-7888. கணவர் அழைப்புப் பட்டியலைப் பார்ப்பார் என்ற பயம் இருந்தால், நூலகத்திலிருந்தோ தோழியின் போனிலிருந்தோ கூப்பிடுங்கள்.